மாமாவின் கழுத்தில் கொண்டை ஊசி

யேசு மரி சூசை துணை

புதுச்சேரி,
18–6–1961, ஞாயிற்றுக்கிழமை

பிரியமும் மரியாதையும் உள்ள மச்சான் பிரான்சுவா அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ஞானப்பிரகாசம் தோத்திரம் சொல்லி எழுதுவது. சேதி, சென்ற செவ்வாய்க்கிழமை 13ந் தேதி காலை பத்து மணி நாற்பது நிமிஷத்துக்கு வந்தது. அதை எழுதத் தொடங்கினால், மாமா பின்னால் நின்றுகொண்டு, "மாப்ள, மொதல்ல சொகம் கேட்டு எழுதுங்க. எடுத்த எடுப்புல சேதிய எழுதினா புள்ள அங்க பதறிப்பூடும்" என்கிறார். ஆகையால்: தாங்களும் அக்காவும் குழந்தைகளும் பிரான்சில் தூலோன் பட்டணத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இங்கு நாங்கள் மூவரும் சுகம் என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது; இருவர் என்று திருத்தியிருக்கிறேன். அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்ளவும்.

சேதி இதுதான். தங்கள் தகப்பனாருடைய கழுத்து விஷயமாகப் போட்ட மேல்முறையீட்டைப் பென்ஷன் ஆபீஸ் தள்ளிவிட்டது. விவரம் முழுவதும் தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், முதலிலிருந்து எழுதும்படி கலியபெருமாள் சொல்கிறார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தாக்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதித் தருகிறவர். தாங்கள் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஆபீசில் பேச வேண்டியிருக்குமாம், அதனால் ஒன்றையும் விடக்கூடாதாம்.

1950ம் வருஷம் இந்தோசீனாவில், அரிசி மூட்டை ஏற்றிய லாரியின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் உழவர்கரை காசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். மாமா இடது பக்கம் திரும்பிய அந்த நொடியில் கண்ணிவெடி வெடித்தது. கழுத்தில் ஏதோ தெறித்துப் புகுந்தது. பட்டாளத்து டாக்டர் மேலே தைத்து அனுப்பிவிட்டார், உள்ளே தேடவில்லை. அன்றிலிருந்து மாமாவுக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பாது. இடது பக்கம் எதையாவது பார்க்க வேண்டுமானால் ஆளே காலெடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இதற்கு நூற்றுக்குப் பதினைந்து ஊனம் என்று முடிவு செய்து ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவை மேல்முறையீடு போட்டும் பதினைந்து பதினைந்தாகவே நின்றது. இரண்டையும் எழுதியது தங்கள் தங்கை செல்விதான், கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில். போன வருஷம் மாமாவின் இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. டம்ளரைப் பிடிப்பார், பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே கிடக்கும். உள்ளே இருப்பது நகர்ந்து நரம்பை அழுத்துகிறது, ஒரு வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் கை போய்விடும், அந்த ஆபரேஷன் இங்கே செய்ய முடியாது என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஐம்பது சதவீதம் என்று பென்ஷன் ஆபீஸ் கமிஷன் ஒத்துக்கொண்டால் அவர்களே கப்பலேற்றிக் கூட்டிப்போய்ப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அறுத்து எடுப்பார்கள். ஆகவே விஷயம் சதவீதம் இல்லை, மாமாவின் கை. இது மூன்றாவது மேல்முறையீடு. கடைசியாக இன்னும் ஒன்று போடலாம், இரண்டு மாதத்துக்குள். அதற்கப்புறம் காகிதக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இந்தத் தடவை வாயால் சொல்வதை விட்டுவிட்டுக் கழுத்தையே படம் பிடித்து அனுப்புவது என்று செல்விதான் யோசனை சொன்னாள். வீட்டில் ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கடுதாசியிலேயே கழுத்தை வர்ணிப்பது என்றாள். பிப்ரவரி 6ந் தேதி திங்கட்கிழமை அவளே மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். பக்கவாட்டில் நிறுத்தி நானே எடுத்தேன். அன்று அவளுக்கும் கழுத்து பிடித்திருந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன். பத்தாந்தேதி அவளுக்கு நடந்ததைத் தந்தியில் தெரிவித்திருந்தேன். மூளைக் காய்ச்சல் என்றார்கள். இருபதாந்தேதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். முதல் காரியமாக மாமாவின் படத்தை எடுத்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, அவள் எழுதி முடித்திருந்த மனுவோடு சேர்த்துக் கட்டி, ரிஜிஸ்தர் தபாலில் போட்டேன். இவ்வளவு துக்கத்திலும் மாமனார் காரியத்தை மறக்கவில்லையே என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னை மெச்சினார்கள்.

பதில் வந்தது நான் முதலில் சொன்ன பத்து நாற்பதுக்கு. அன்றைக்கு எனக்கு வாராந்தர விடுமுறை, வீட்டில் இருந்தேன். வீட்டில் இப்போது பிரெஞ்சு வாசிக்க ஆள் இல்லை. நான் படித்தது இங்கிலீஷில். மாமாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சு, அதில் பாதி இரைந்து சொல்ல முடியாதது. கலியபெருமாள் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்து, உறையை நகத்தால் கீறி, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்து, அதன் பிறகுதான் எழுத்துக்கு வந்தார்.

"மெஸ்ஸியே மிக்கேல், உக்காருங்க," என்றார் மாமாவிடம்.

"நின்னுக்கறேன். என்னா போட்டிருக்கான்?"

"வணக்கம் போட்டிருக்கான். ரொம்ப மரியாதையான வணக்கம். மரியாதை இம்மாந் தூரம் போச்சுன்னா தள்ளிட்டான்னு அர்த்தம்."

மீதியை அவர் மூன்று தடவை வாசித்துத் தமிழில் சொன்னார். கமிஷன் டாக்டர் படத்தைக் கவனமாகப் பார்த்தாராம். ஏழு எலும்பும் வரிசை தப்பாமல், தேய்மானமோ முறிவோ இல்லாமல், பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி இருக்கின்றனவாம். இந்தக் கழுத்துக்கு உரியவருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது இருக்கும், மனுதாரரோ ஐம்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறார். எலும்பின் கட்டைப் பார்த்தால் பெண்ணினுடையது போலவும் தோன்றுகிறது. படத்தில் உலோகத் துண்டு ஒன்று இருப்பது மெய். ஆனால் அது நாலரை செண்டிமீட்டர் நீளத்தில், இரண்டு காலோடு, மேலே வளைந்து, கொண்டை ஊசியின் உருவத்தில் இருக்கிறது. எந்த யுத்தத்தில், எதிரியின் எந்த ஆயுதத்தால் மனுதாரர் இந்தக் காயத்தை அடைந்தார் என்று தெரிவித்தால் கமிஷன் நன்றியோடு தெரிந்துகொள்ளும். இவ்வளவுதான் கடிதம்.

மாமா கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வயசுக் கழுத்துன்னா எழுதியிருக்கான்?"

"ஆமா."

"எலும்பெல்லாம் புஸ்தகத்துல போடற மாதிரியாமா?" என்று என்னைப் பார்த்தார். உள்ளுக்குள் சந்தோஷம் தட்டியிருந்தது. அந்தச் சந்தோஷம் கலியபெருமாள் வீட்டு வாசற்படி வரைக்கும் நின்றது. படியில் இறங்கும்போதுதான், "இரு இரு, பொம்பளன்னு இல்ல எழுதியிருக்கான்!" என்று திரும்பினார். அது இடது பக்கம் ஆகையால் முழு ஆளும் திரும்ப வேண்டியிருந்தது, வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் சேதி உழவர்கரைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையே காசிலிங்கம் வந்து நின்றார். அதே வெடியில் அடிபட்டவர், அவருக்குத் தொடையில். கொண்டை ஊசி என்று கேட்டதும் தொடையிலேயே அறைந்துகொண்டார்.

"கொண்ட ஊசியேதான்டா! நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

"நீ எங்கடா சொன்ன?"

"மனசுல நெனச்சேன். டேய் மிக்கேலு, அந்த ஊர்ல அவனுக்கு இரும்பு ஏது? ஆணி, சைக்கிள் கம்பி, கரண்டிக் காம்பு, எது கெடச்சாலும் வெடியில திணிப்பான். மார்க்கெட்டுப் பொம்பளைங்க தலையில இருந்து உருவி உருவிக் குடுத்திருப்பாளுவ. என் தொடையில ஒரு சட்ட பொத்தான் கெடக்குது. யாரு சட்டையோ என்னமோ."

"காட்டு பாப்போம்."

"தொடையவா? தெருவுலயா?"

கலியபெருமாளுக்கு இது பிடித்துவிட்டது. ஆபீஸ் கேட்டிருக்கும் கேள்விக்கு இதுதான் நேர் பதில் என்றார். காசிலிங்கம் சொல்லச் சொல்லச் சாட்சிப் பத்திரமாகப் பிரெஞ்சில் எழுத ஆரம்பித்தார். லாரி, மூட்டை எல்லாம் தடங்கல் இல்லாமல் போயிற்று. மாமா ஏன் இடது பக்கம் திரும்பினார் என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"என்னாண்ட பொகையில கேக்கத் திரும்பினான்," என்றார் காசிலிங்கம்.

"பொகையில வேணாம். டூட்டியில இருக்கசொல்ல பொகையில கேட்டாருன்னு ஆயிடும். எதிரி எங்க இருக்கான்னு பாக்கத் திரும்பினாருன்னு போடறேன்."

"அந்தப் பக்கம் நான் இல்ல உக்காந்திருந்தேன்! என்னியா எதிரின்னு போடற?"

இதைச் சமாதானம் செய்ய ஒரு மணி நேரமும் இரண்டு தடவை காப்பியும் ஆயின. கடைசியில் கலியபெருமாள், மாமா கடமையின் பொருட்டுத் திரும்பினார் என்று பொதுவாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஆனால் காசிலிங்கம் அதோடு விடவில்லை. வியாழக்கிழமை, பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஊசி இரும்பு, காந்தம் இரும்பை இழுக்கும், இழுத்தால் நிரூபணம் ஆயிற்று என்பது அவர் கட்சி. மாமா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காந்தத்தைக் கழுத்தருகே கொண்டுபோனதும், "இழுக்குது! இழுக்குதுடா காசி! உள்ள அசையுது!" என்று கத்தினார். தெரு முழுவதும் கூடிவிட்டது. காந்தம் இழுத்தது உண்மை. இழுத்தது சட்டைக் காலரில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த ஊக்கை. பொத்தான் விழுந்து நாலு மாதம் ஆகிறது. நான் அதைச் சொன்னதும் கூட்டம் கலைந்தது. மாமா மட்டும், இல்லை, ஊக்கு ஒரு பக்கம் இழுத்தது, உள்ளே இருந்ததும் ஒரு பக்கம் இழுத்தது, தனக்குத் தெரியாதா என்கிறார். இப்போது தெருவில் யார் வந்தாலும் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இதற்குள் ஒரு சீனாக்காரியின் கொண்டை ஊசி பத்து வருஷத்துக்கு மேலாகத் தங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கோவிலில் பெண்கள் அவருக்குப் பின்னால் முழங்கால் போட மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்த சாட்சி மீன்காரி வீராயி. கழுத்து திரும்பாது என்பதற்கு ரத்த சம்பந்தம் இல்லாத ஆள் ஒருவர் சொன்னால் பலம் என்று கலியபெருமாள் சொன்னதால், வெள்ளிக்கிழமை அவள் கூடையோடு வந்தபோது கேட்டோம்.

"சொல்தாய்யா கழுத்தா? அது எங்க திரும்புது? நான் கூடையில வாங்கறவங்களுக்கு எடது கைப் பக்கம் வஞ்சிரம் வெப்பேன், வலது கைப் பக்கம் பொடி மீனு, காரப்பொடி வெப்பேன். அவுரு குனிஞ்சாருன்னா வலது பக்கந்தான் கண்ணு போவும். எட்டு வருசமா காரப்பொடிதான் வாங்கறாரு."

"அடிப்பாவி! எட்டு வருசமா வஞ்சிரம் இருந்துச்சா?" என்றார் மாமா.

"செல்வி பாப்பா வந்தா மட்டும் வஞ்சிரத்த எடுத்துனு போவும். அதுக்குக் கழுத்து நல்லா இருந்துச்சி."

பிப்ரவரியிலிருந்து நாங்கள் காரப்பொடியே சாப்பிட்டுவருகிறோம். காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீராயி பத்திரத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள். காகிதத்தில் கொஞ்சம் செதில் ஒட்டியிருக்கிறது, தட்டிவிட்டுக் கொடுக்கவும்.

மூன்றாவது சாட்சி நான். இதைத் தாங்கள் அந்த ஆபீசில் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும் மச்சான். நான் சென்னையில் இரண்டு வருஷம் படித்துப் பாஸ் செய்தவன். ஆறு வருஷமாக இதே அறையில் வேலை செய்கிறேன், ஒருவர் படம் ஒருவருக்கு மாறியது என்பது ஒரு தடவைகூட இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஈய எழுத்து வைத்துத்தான் எடுப்பேன்: தேதி, அன்றைய நம்பர், பெயரின் முதல் எழுத்து. அந்த டாக்டரே தன் கடிதத்தில் 6–2–61, எம், பதினைந்து என்று எடுத்து எழுதியிருக்கிறார். எம் என்றால் மிக்கேல், வேறு யார்? எலும்பு சின்னதாகத் தெரிகிறது என்றால், ஆளை நிறுத்தும் தூரத்தைப் பொறுத்துப் படத்தில் எலும்பு பெரிதாகவும் சிறிதாகவும் விழும். இதைப் பிரான்சு தேசத்து டாக்டருக்குப் புதுச்சேரியிலிருந்து ஒருவன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வயது இருபத்தைந்து என்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, மாமா நல்ல தேகக்கட்டு. ஆனால் ஊசி இருந்தது என்பதற்கு நானே கண்கண்ட சாட்சி. படத்தைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் வைத்ததும் அது வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. "என்னா இது ஊசி" என்று நான் சத்தம் போட்டதுகூட நினைவிருக்கிறது. அந்த வாரத்தில் நடந்தது மற்ற எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. யார் யார் வந்தார்கள், யார் சவப்பெட்டிக்குச் சொன்னார்கள், நான் சாப்பிட்டேனா, ஒன்றும் தெரியாது. ஊசி மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. ஆகையால் சத்தியம் செய்ய எனக்குத் தடையே இல்லை. கலியபெருமாள் முன்னிலையில் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பத்திரங்களோடு மாதிரிக்கு ஒரு கொண்டை ஊசியும் இணைக்க வேண்டும், கமிஷனில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகள், பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்று கலியபெருமாள் கேட்டார். வீட்டில் கண்ணாடி மாட்டியிருக்கும் பலகையில் செல்வியுடையது இருந்தது. ஓர் அட்டையில் எட்டு இருக்கும், நான்தான் வருஷப் பிறப்புக்கு வாங்கிக் கொடுத்தேன். எண்ணினால் ஏழுதான் இருக்கிறது. எட்டாவதைப் பலகைக்குக் கீழே, ஜெபப்புத்தகத்தில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன், காணோம். "அவளுக்கு இனிமே எதுக்கு, குடுத்துடுங்க மாப்ள" என்று மாமா சொன்னார். ஏழில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி இணைத்திருக்கிறேன்.

ஆகவே மச்சான், தாங்கள் ஒரு நாள் லீவு போட்டு ரயிலேறி அந்த ஆபீசுக்கு நேரில் போய், சாட்சிப் பத்திரம் மூன்றையும் மாதிரி ஊசியையும் கொடுத்து, எங்கள் தரப்பு நியாயத்தை எடுத்துச் சொல்லி ரசீது வாங்கவும். இன்னொரு படமும் இருந்தால் கேஸ் பலக்கும் என்று கலியபெருமாள் அபிப்பிராயப்படுகிறார். நாளை மாமாவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, பழைய உறைகளையும் புரட்டிப் பார்த்து, கிடைப்பதை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். மாமா நேற்றும் ஒரு டம்ளரைக் கீழே போட்டார். போட்டது அவருக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்டு யார் போட்டது என்று என்னைக் கேட்டார். வீட்டில் இன்னும் நாலு டம்ளர் இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு மாமாவின் ஆசீர்வாதமும் நெற்றியில் சிலுவை அடையாளமும். காசிலிங்கம் தன்னையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், எதிரி அல்ல என்பதையும். மாதா தங்கள் குடும்பத்தை எந்தக் குறையும் அண்டாமல் பார்த்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஞானப்பிரகாசம்

பி.கு. — 19–6–61 திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிஷம், எக்ஸ்ரே அறை.

மேலே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தையும் அந்த ஆபீசில் சொல்ல வேண்டாம். பிப்ரவரி மாதத்து உறைகளைப் புரட்டினேன். எம் பதினாலு என்று ஒரு படம் இருந்தது. அதுதான் மாமா. ஐந்தாவது எலும்புக்குப் பின்னால் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு, பக்கத்தில் எலும்பு அரித்திருக்கிறது. யார் பார்த்தாலும் தெரியும். ஊசி கிடையாது. பதிவேட்டைப் பார்த்தேன், என் கையெழுத்துதான். பதினாலு, மிக்கேல். பதினைந்து, மிக்கேல் லூர்துசெல்வி. பிறந்த பதிவில் அவள் பெயருக்கு முன்னால் அப்பா பெயர்தானே, அப்படியே எழுதி, ஈயத்திலும் எம் என்றே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மாமாவை எடுத்து முடித்ததும், "எனக்கும் காலையிலேருந்து கழுத்து குனிய முடியலீங்க, ஒரு படம் புடிங்களேன். அப்பா கழுத்து ஒட்டிக்கிச்சோ என்னமோ" என்று சிரித்தாள். தோட்டையும் சங்கிலியையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஊசி ஒன்றை மறந்துவிட்டாள். கழுவிப் பார்த்துவிட்டு நான் சத்தம் போட்டேன். "அது கெடந்துட்டுப் போவுது. கழுத்து தெரியுதுல்ல?" என்றாள். தெரியுது, ஒண்ணுமே இல்ல, நல்ல கழுத்து, போய்த் தைலம் தேச்சிக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூளைக் காய்ச்சலில் கழுத்து விறைக்குமாம். அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார்.

அந்த டாக்டர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. பெண், வயது இருபத்தைந்து, ஏழு எலும்பும் வரிசை. நானும் அதையேதான் அவளிடம் சொன்னேன்.

பதினாலாம் நம்பர் படத்தை இதில் வைத்திருக்கிறேன். தப்பு முழுவதும் என்னுடையது, மாமாவுக்கு அதில் சம்பந்தம் இல்லை என்று ஒரு கடிதமும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், தாங்கள் பிரெஞ்சில் சொல்லிக்கொள்ளவும். இந்தப் படத்துக்கு ஐம்பது கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு மாதம் என்பது ஆகஸ்டு நடுவில் முடிகிறது, அதற்குள் போய்விடவும். சாட்சிப் பத்திரம் மூன்றையும் உறையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன், வீராயியுடையதையும்.

மாமா இங்கேதான் இருக்கிறார். சொல்லிவிட்டேன். விளக்குப் பெட்டியில் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "அப்ப, புஸ்தகத்துல போடற மாதிரி இருக்குதுன்னு அவன் எழுதினது பாப்பா கழுத்தயா?" என்றார். ஆமாம் என்றேன். "கலியபெருமாளாண்ட அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படிக்கச் சொல்லணும் மாப்ள," என்றார்.

பதினைந்தாம் நம்பர் படத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கவும் மச்சான். அந்தக் கேசுக்கு அது வேண்டாத கழுத்து, வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இல்லை. மடிக்கக்கூடாது. வெயில் படாமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பவும், தபாலில் வேண்டாம். மாதிரிக்கு வைத்த ஊசியையும் எடுத்துவிட்டேன். இங்கே ஏழு இருக்கிறது. எட்டாவது அந்தப் படத்தில் இருக்கிறது.

வார்டிலிருந்து டெலிபோன் மூன்று தடவை அடித்தது. ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன், இனி அடிக்காது.